டக்ஸ் பிரிக்கும் நாள்

பழைய பட்டுப்பாவாடை ஒன்று வீட்டு பீரோவில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். சரிகைக் கரைக்கு நாலு விரற்கடை மேலே, பாவாடையைச் சுற்றி இரண்டு மூன்று மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். பார்க்கிறவர்கள் வேலைப்பாடு என்று நினைத்துக்கொள்வார்கள். டெய்லர்கள் அதை 'டக்ஸ்' என்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் பாவாடையை நீளமாக்கிக்கொள்வதற்காக முன்கூட்டியே பிடித்துவைத்த துணி அது.

இதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. ஓர் அங்குல உயரத்துக்கு ஒரு டக்ஸ் பிடித்தால், முன்னும் பின்னுமாக இரண்டு அங்குலத் துணி அதற்குள் போய்விடும். மூன்று டக்ஸ் என்றால் ஆறு அங்குலம். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு, இரண்டேகால் அங்குலம். அதிலும் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இடுப்புக்குக் கீழே ஏறும். ஆகவே ஒரு டக்ஸ் ஒன்றரை வருஷத்துக்குக் காணும். நாலு வயதில் மூன்று டக்ஸ் வைத்துத் தைத்த பாவாடை எட்டு வயது வரை கணுக்காலை மூடும். சுருக்கு வைத்த பாவாடைக்கு அகலம் ஒரு கவலையே இல்லை. குழந்தை மருத்துவர் சுவரில் தொங்கும் வளர்ச்சி அட்டவணையைப் பார்த்தே இராத டெய்லர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள்.

இன்று வயசு எண் போட்டுக் கடையில் தொங்கும் ரெடிமேட் பாவாடைகளில் டக்ஸ் அநேகமாகக் கிடையாது. உள்ளே தையலுக்கு அப்பால் விட்ட துணியும் அரை அங்குலம் தாண்டாது. அதையும் ஓவர்லாக் அடித்து நறுக்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் தைக்கிறவர் பாவாடைக்கு ஆறு அங்குலம் வீதம் விட்டுக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. ஆனால் வாங்குகிற வீட்டுக்கு என்ன கட்டுப்படியாகிறது? ஒரு விசேஷம், ஒரு போட்டோ, மறு வருஷம் கணுக்காலுக்கு மேலே நிற்கும் பாவாடை. அதனால்தான் என் மகளின் விசேஷத் துணிகளை முடிந்தவரை நானே தைக்கிறேன். சிக்கனம் பாதிக் காரணம். பாக்கிக் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் வீடுகளில் குழந்தையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துணி உண்டு. பிறந்ததும் போர்த்துவது புதுத்துணி இல்லை. தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் போர்த்துவார்கள். நூறு தடவை துவைத்துக் கஞ்சியெல்லாம் போன துணி, பிஞ்சுத் தோலில் உறுத்தாது. தூளியும் அம்மாவின் பழைய நூல் புடவைதான். பெயர் சூட்டும்போதுதான் பல வீடுகளில் முதல் புதுத்துணி. அப்புறம் மொட்டை, காதுகுத்து, விஜயதசமி அன்று அரிசியில் எழுதுவது, பிறந்தநாள்கள், நவராத்திரிக்கு வீடு வீடாகக் குங்குமச் சிமிழோடு கொலுவுக்கு அழைக்கப் போவது. பிறந்தநாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இப்போதெல்லாம் அது நெட் துணியும் உள்ளே கேன்கேனும் வைத்த கவுன். குழந்தையால் உட்கார முடியாது, வியர்க்கும், சொறியும், கேக் வெட்டியதும் கழற்று கழற்று என்று அழும். இரவல் வாங்கிப் போட்டால் போதும்.

காதுகுத்துத் துணி அப்படியில்லை. அதற்கு யோசனை வேண்டும். குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் ஒரே நாளில் நடக்கும். தாய்மாமன் மடியில் குழந்தை. மாமன் சீர்வரிசையோடு புதுத்துணியும் கொண்டுவருவார், பெரும்பாலும் அளவு தெரியாமல் ஒரு சுற்றுப் பெரிதாக. மொட்டை அடித்து, தலையில் சந்தனம் தடவி, காதில் கம்பி ஏறிய கையோடு அந்தத் துணியைப் போட வேண்டும். இப்போது சிக்கல் எங்கே? தலைவழியாக மாட்டும் சட்டையாக இருந்தால், புதிதாகக் குத்திய காதில் துணி மாட்டி இழுக்கும். குழந்தை வீறிடும். மடியில் வைத்திருக்கும் மாமனுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

என் தம்பி துணியாகவே வாங்கிவந்து என்னிடம் கொடுத்துவிட்டான். "நீயே தைச்சிடு அக்கா, நான் கோயில்ல கொடுக்கிறேன்" என்றான். முன்பக்கம் கழுத்திலிருந்து அடிவரை முழுக்கத் திறக்கிற மாதிரி சட்டை தைத்தேன். கைகளை மட்டும் நுழைத்து, முன்னால் கொக்கி போட்டால் முடிந்தது. தலைக்கும் காதுக்கும் பக்கமே போகாது. கழுத்தை வழக்கத்தைவிட ஓர் அங்குலம் இறக்கினேன், வழிகிற சந்தனம் துணியில் படாமலிருக்க. அப்படியும் பட்டது. பொத்தானுக்குப் பதில் கொக்கி வைத்ததற்கும் காரணம் உண்டு. ஒரு வயசுப் பிள்ளை பொத்தானைக் கண்டால் வாயில் போடும். காதுமடலில் குத்திய துளை ஆறத் தோராயமாக ஆறு வாரம் ஆகும். அதுவரை எல்லாத் துணியும் முன்பக்கம் திறப்பதாகவே இருந்தால் குழந்தைக்கும் நிம்மதி, குளிப்பாட்டும் பாட்டிக்கும் நிம்மதி.

பட்டுப்பாவாடைக்கு வருகிறேன். கடையில் பாவாடை பிட் என்றே கிடைக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கினால் அது பெரும்பாலும் செயற்கைப் பட்டு. ஓரத்தில் ஓர் இழை உருவிப் பற்றவைத்துப் பாருங்கள். நிஜப் பட்டென்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழை உருகி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகும். கடையில் தீக்குச்சி கிழிக்க விடமாட்டார்கள் என்பதால், 2004ல் மத்தியப் பட்டு வாரியம் கொண்டுவந்த சில்க் மார்க் முத்திரையைப் பார்த்து வாங்கலாம். உருகுகிற துணி என்பதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தீபாவளிக்குச் செயற்கைத் துணி வேண்டவே வேண்டாம். நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மூலையில் மஞ்சள் தடவிக் காலையில் கொடுக்கிற புதுத்துணி எதுவாகவும் இருக்கட்டும்; மத்தாப்பு கொளுத்தும்போது பருத்திதான், அதுவும் தொளதொளவென்று தொங்காத பருத்தி.

புது பிட்டைவிட எனக்குப் பிடித்தது பழைய புடவை. என் கல்யாணப் பட்டுகளில் ஒன்றை எடுத்துக் கட்டிலில் விரித்தபோது என் மாமியார் வாசலில் நின்று பார்த்தார். "ஏம்மா, முகூர்த்தப் புடவையிலயா கத்திரி வைக்கப்போறே?" நியாயமான கேள்வி. கூறைப்புடவையில் கத்திரி படக்கூடாது என்று இருக்கும் வீடுகள் உண்டு. "இது நிச்சயதார்த்தப் புடவை அத்தை" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வெட்டுகிற வரை எழுந்திருக்கவில்லை.

பழைய பட்டை வெட்டுமுன் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்திருந்தால் மடிந்த இடமெல்லாம் இழை விட்டிருக்கும். வெளிச்சம் கோடுகோடாகத் தெரியும். அசல் சரிகை என்பது பட்டிழையின் மேல் வெள்ளிக்கம்பியைச் சுற்றி முலாம் பூசியது. மடிப்பில் அந்தக் கம்பிதான் முதலில் ஒடியும். கோர்வைக் கரை போட்ட காஞ்சிபுரம் என்றால் இன்னும் கவனம். உடலின் ஊடும் கரையின் ஊடும் தனித்தனித் தறி நாடாவில் ஓடி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இடம் அது. இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து லேசாக இழுத்தால் பலம் தெரிந்துவிடும். விட்டுப்போயிருந்தால் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிட வேண்டும்.

ஐந்து வயதுப் பெண்ணுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 23, 24 அங்குலம் இருக்கும். டக்ஸுக்கு ஆறு, இடுப்பில் மடிக்க இரண்டு. மொத்தம் 32. புடவையின் அகலம் 46 முதல் 48 அங்குலம். ஒரு கரையைப் பாவாடையின் அடிக்கரையாக வைத்து 32 அங்குலம் எடுத்துவிட்டால், மறு கரையோடு சேர்ந்து 14 முதல் 16 அங்குல அகலத்தில் ஒரு நீளத் துண்டு மிஞ்சும். சட்டை அதில் வந்துவிடும்; கரை கைக்குப் போகும். சுருக்குக்கு இரண்டரை மீட்டர் நீளம் தாராளம். முந்தியை நான் தொடவில்லை. வேலைப்பாடெல்லாம் அதில்தான் இருக்கிறது. இன்னும் கொஞ்ச வருஷம் போனால் என் மகளின் தாவணிச் சட்டைக்கு ஆகும்.

தைக்கும்போது ஒன்றிரண்டு விஷயங்கள். பட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசி. ஜீன்ஸ் தைத்த 16ஐ மாற்றாமல் ஓட்டினால் பட்டில் ஓட்டை ஓட்டையாக நிற்கும், அது மூடாது. குண்டூசியைத் தையல் மடிப்புக்குள் வரும் இடத்தில் மட்டுமே குத்த வேண்டும். டக்ஸுக்குத் தையலைப் பெரிதாக வைக்க வேண்டும், பருத்தி நூலில். நாளை பிரிக்க வேண்டியதல்லவா. சரிகையின் பின்பக்கம் குழந்தையின் அக்குளை அறுத்துவிடும். சட்டைக்கு மெல்லிய பருத்தி லைனிங் கட்டாயம். அதை முந்தைய இரவே தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்திவிட்டால் பிறகு சுருங்கிப் பட்டை இழுக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம் இடுப்பு. நாலைந்து வயது வரை பெண் குழந்தைக்கு இடுப்பு என்று ஒன்று கிடையாது, தொப்பைதான். நாடா கட்டினால் பாவாடை தொப்பைக்குக் கீழே வழுக்கும். இறுக்கினால் சாப்பிட முடியாது. எலாஸ்டிக் வைத்தால் தடம் பதியும். நம் பாட்டிகள் காலத்து பாடி பாவாடைக்கு ஈடே இல்லை. காடாவிலோ மல்லிலோ கையில்லாத பாடி தைத்து, அதில் பாவாடையைச் சேர்த்துவிடுவது. பாரம் முழுக்கத் தோளில் நிற்கும், மேலே பட்டுச் சட்டை மறைத்துவிடும். குழந்தை ஓடலாம், குனியலாம், பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்கலாம். பெண் உயர்ந்ததும் பாடியைக் கழற்றிவிட்டு நாடா கோத்துக்கொள்ள வேண்டியதுதான். இவ்வளவு நல்ல உடுப்பைக் கைவிட்டுவிட்டு எலாஸ்டிக்கின் பின்னால் ஏன் போனோம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதெல்லாம் எங்கே கற்றேன் என்று கேட்பார்கள். அம்மா படித்த பள்ளியில் தையல் ஆசிரியை என்று ஒருவர் இருந்தார். அவர் வைக்கச் சொன்ன மாதிரி நோட்டு எங்கள் வீட்டில் இருந்தது: பக்கத்துக்கு ஒரு துண்டுத் துணி, ஒன்றில் ஓட்டுத் தையல், ஒன்றில் சங்கிலித் தையல், ஒன்றில் காஜா. அரசுத் தேர்வுத் துறை தையலுக்கு லோயர், ஹையர் என்று தொழில்நுட்பத் தேர்வே நடத்துகிறது. தையல் இயந்திரத்துக்கு நம் ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் இலவசமாகக் கொடுக்கத் தேர்ந்தெடுத்த பொருள் அது. எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்கா அந்த இயந்திரத்தில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். இயந்திரங்களின் மேல் சந்தேகப்பட்ட காந்தியே 1924ல் 'யங் இந்தியா'வில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்து அல்லல்படுவதைப் பார்க்கப் பொறுக்காத கணவனின் அன்பில் பிறந்தது அது என்று அவர் நம்பினார். நிஜ சிங்கர் ஒரே காலத்தில் பல குடும்பங்கள் நடத்திய மனிதர். அது வேறு கதை.

என் மகளுக்குத் தையல் 'சொல்லிக்கொடுக்க' நான் உட்கார்ந்ததே இல்லை. நாலு வயதில் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. பிறகு சாக்கட்டியால் கோடு போடுவது. பிறகு முனை மழுங்கிய பெரிய ஊசியும் சாக்குத் துணியும் கொடுத்தேன். கோணி இழைகளுக்குள் ஊசி தானாகப் போய் வரும், குத்தாது. அதில் முதலில் அவள் தைத்தது தன் பொம்மைக்கு ஒரு போர்வை. ஒரு பக்கம் மட்டும் தைத்துவிட்டு, "மீதி நாளைக்கு" என்றாள். அந்த நாளை இன்னும் வரவில்லை. இயந்திரத்தில் அவள் கால் எட்டாது, எட்ட வேண்டிய அவசரமும் இல்லை. பெண் பிள்ளை என்பதால் தைக்கத் தெரிந்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தம்பி பையன் வந்தால் அவன் கையிலும் அந்த ஊசியைத்தான் கொடுக்கிறேன். பொத்தான் தைக்கத் தெரியாத ஆண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஆனால் ஒரு வேலைக்கு அவள் இல்லாமல் நான் உட்காருவதில்லை. டக்ஸ் பிரிப்பது. நவராத்திரிக்கு முன்னால் பாவாடையை எடுத்து அவளுக்குக் கட்டிப் பார்ப்போம். கணுக்கால் தெரிந்தால் அன்றைக்குப் பிரிக்கிற நாள். பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு, நாலு தையலுக்கு ஒரு தையலாக அடிநூலை நான் பிளேடு நுனியால் அறுத்துக்கொண்டே போவேன். சுற்று முடிந்ததும் மேல்நூலின் முனையை அவள் கையில் கொடுப்பேன். அவள் இழுப்பாள். மெதுவாக இழுத்தால் முழு நூலும் அறாமல் சரசரவென்று வந்துவிடும். "வருதும்மா, வருதும்மா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போவாள். கூடத்தின் கோடி வரை நூல் நீளும். மடிப்பு அவிழ்ந்ததும் உள்ளே இருந்த துணி வெளியே வரும், வெயிலும் தோய்ப்பும் படாத புது அரக்கு நிறத்தில்.

அந்த நிறம் மற்ற இடத்தோடு ஒருபோதும் சேராது. ஈரத்துணி போட்டு உள்பக்கம் இஸ்திரி தேய்த்தால் மடிப்பு அடங்கும், ஊசித் தடம் முழுக்கப் போகாது. மறைக்க வேண்டுமானால் மேலே லேஸ் வைத்துத் தைக்கலாம். என் அம்மா அப்படித்தான் செய்வாள். நான் வைப்பதில்லை. ஒரு கோடு ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம், இன்னொன்று முன்பல் விழுந்த வருஷம். விருந்தாளி யாராவது "பாவாடையில என்னடி கோடு?" என்று கேட்டால் அவளே விளக்கம் சொல்கிறாள், கொஞ்சம் பெருமையாகவே.

கணக்கை எழுதியும் வைக்கிறோம். டெய்லர் கடையில் பார்த்திருப்பீர்கள், பில் புத்தகத்தில் அளவை எழுதி, துணியின் மூலையில் சின்னத் துண்டு வெட்டி அதில் குத்தி வைப்பார்கள். அந்தப் பழக்கத்தை நான் திருடிக்கொண்டேன். ஒரு பழைய கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு விசேஷத் துணிக்கும் ஒரு பக்கம்: தேதி, என்ன விசேஷம், உயரம், மார்பு, இடுப்பு, கை, கூடவே ஒரு துண்டுத் துணி. பெயர் சூட்டிய அன்றைய பருத்தி, காதுகுத்துக்கு மாமன் கொடுத்த பச்சை, விஜயதசமி மஞ்சள். போட்டோக்கள் ஆயிரக்கணக்கில் போனில் கிடக்கின்றன, தேடினால் கிடைப்பதில்லை. மழை பெய்கிற மதியங்களில் இந்த நோட்டைத்தான் அவள் எடுத்து வைத்துக்கொண்டு துணிகளைத் தடவிப் பார்க்கிறாள். "இப்ப என் கை எவ்வளவும்மா?" என்று நாடாவை நீட்டுகிறாள்.

அடுத்து வரப்போகிற பெரிய துணி தாவணி. பெண் பெரியவளானால் தாய்மாமன் சீர், மஞ்சள் நீராட்டு, பாவாடைச் சட்டையிலிருந்து பாவாடை தாவணி. அதை வீட்டோடு வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, மண்டபம் பிடித்து ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் வைக்கிறவர்களும் உண்டு, எதுவுமே வேண்டாம் என்று விடுகிறவர்களும் பெருகிவருகிறார்கள். எனக்கு இதில் ஒரு கட்சிதான். அந்த உடம்பு அவளுடையது. அவளைக் கேட்காமல் அழைப்பிதழ் அடிக்க யாருக்கும் உரிமை இல்லை, மாமனுக்கும் சரி, அம்மாவுக்கும் சரி. அவள் தாவணி கட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் அந்த முந்தியை எடுப்பேன். வேண்டாம் என்றால் அது பீரோவிலேயே இருக்கட்டும்.

சரி, தைக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது? டெய்லரிடம் கொடுங்கள், ஆனால் வாய் திறந்து கேளுங்கள். பாவாடைக்கு அடியில் ஓர் அங்குல உயரத்தில் டக்ஸ் மூன்று, சட்டைக்குப் பக்கத் தையலில் இரு புறமும் ஒன்றரை அங்குலம் உள்ளே விடணும், ஓவர்லாக்கில் நறுக்கக் கூடாது, கைக்குழிக்கு லைனிங். கை மடிப்பிலும் ஓர் அங்குலம் கூடுதல். பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் போனால் அவர் காதில் விழாது. ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். துணி வாங்கும்போதே ஆறு அங்குலம் உயரம் கூட இருக்கிற பிட்டாகப் பாருங்கள். டக்ஸ் பிடிக்கக் கூலி கூடக் கேட்பார். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள், நாலு வருஷம் வேறு பட்டுப்பாவாடை வாங்க வேண்டியிருக்காது.